கம்பி கட்டிய பற்களை வெண்மையாக்கலாமா?

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் சென்று, அங்கிருந்து சோபனபுரம் அடிவாரத்தைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதை நம்மைப் பச்சைமலைக்குக் கொண்டு சேர்க்கிறது. பலாவும் மரவள்ளியும் விளையும் மலை அது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலையாளி இன மக்களும் அடிவாரத்து ஊர்களின் மூத்தோரும் வேப்பங்குச்சியையும் ஆலம்விழுதையும் சாம்பலையும் கொண்டு பல் துலக்கியே வளர்ந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ இன்று துறையூருக்கும் திருச்சிக்கும் பேருந்தேறிப் படிக்கச் செல்கின்றனர். அப்பிள்ளைகள் சிலருடைய புன்னகையில் வெள்ளிக் கம்பி மின்னினால் இனி எவரும் வியக்கப் போவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் பெருநகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த 'கிளிப்' இன்று சிற்றூர்களையும் எட்டிவிட்டது.

கம்பி கட்டிய சில மாதங்களில் ஒரு கவலை தலைதூக்குகிறது. "பல் வரிசையாகி வருகிறது, ஆனால் மஞ்சளாகத் தெரிகிறதே!" என்பதே அது. பெண்மக்களுக்கு இக்கவலை இருமடங்கு. நிக்காஹ் பேசும் வயதில் இருக்கும் பெண்ணென்றால் சொல்லவே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும்; மூன்று வாரத்தில் பல் வெளுத்தாக வேண்டும் என்று தாயார் துடிக்கிறார். கைப்பேசியில் வரும் காணொளிகளோ கரித்தூள், எலுமிச்சை, வெளுப்புப் பசை என்று நாளொரு வழி காட்டுகின்றன. அவசரத்தில் செய்யும் காரியம் வாழ்நாள் முழுதும் மறையாத தழும்பைப் பல்லில் விட்டுச் செல்லக்கூடும் என்பதை அக்காணொளிகள் சொல்வதில்லை. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம், வாசக நேயர்களே!

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். மனிதப் பல் காகிதத்தைப் போல் வெண்மையானது அன்று. பல்லின் மேற்பரப்பில் இருக்கும் எனாமல் ஒளி ஊடுருவும் தன்மையுடையது. அதற்குக் கீழே இருக்கும் டென்டின் என்னும் பகுதி இயல்பாகவே இளமஞ்சள் நிறமுடையது. கண்ணாடி வழியே சந்தனம் தெரிவதைப்போல் அந்த மஞ்சள் எனாமலின் ஊடாகத் தெரிகிறது. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து டென்டின் தடிப்பதால் மஞ்சளும் கூடுகிறது. இது நோயன்று. விளம்பரங்களில் மின்னும் பாற்பற்களுடன் நம் பிள்ளைகளின் பற்களை ஒப்பிடுவதை நிறுத்தினாலே பாதிக் கவலை தீரும் என்பது என் எண்ணம்.

கறை இருவகைப்படும். தேநீர், காபி, வெற்றிலை, புகையிலை, இரும்புச்சத்து டானிக் முதலியவற்றால் மேற்பரப்பில் படிவது ஒன்று. கிருமிநாசினியாக மருத்துவர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை நெடுநாள் பயன்படுத்தினாலும் இத்தகைய பழுப்புக் கறை படியும். மற்றொன்று பல்லின் உள்ளேயே ஊறிய நிறம். கருவுற்ற தாயின் பிற்பகுதி மாதங்களிலோ, எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ டெட்ராசைக்ளின் மருந்து தந்தால் பற்களில் சாம்பலும் பழுப்புமான பட்டைகள் ஏற்படுவதுண்டு. குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தால் பல்லில் வெண்திட்டும் பழுப்புத் திட்டும் தோன்றும்.

இந்த ஃபுளோரைடுக் கறையின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே 1901 முதல் தம்மிடம் வந்தோரின் பழுப்புப் பற்களைக் கண்டு வியந்து காரணம் தேடத் தொடங்கினார். குடிநீரிலுள்ள ஃபுளோரைடே காரணம் என்று கண்டறியப்பட்டது 1931இல்தான். முப்பது ஆண்டுத் தேடல்! நம் தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்கள் இத்துன்பத்தை நெடுங்காலம் அனுபவித்தனர். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் அது மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கருங்கல் பாறை நிறைந்த பகுதிகளின் ஆழ்குழாய்க் கிணறுகளில் இது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. வீட்டில் புதிதாக ஆழ்குழாய் இறக்கியவர்கள் அந்நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துக் கொள்வது நலம். ஃபுளோரைடுத் திட்டு விழுந்த பல்லில் கம்பிக்கான பசை எளிதில் பிடிப்பதில்லை. வெளுப்பு மருந்திட்டால் வெண்திட்டுகள் முதலில் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஆகவே இத்தகைய பற்களை உடையோர் கம்பி கட்டுமுன்பே மருத்துவரிடம் இதனைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

மஞ்சளாவது பல்லா, ரப்பரா?

கம்பி கட்டியோரின் மஞ்சள் கவலையில் பெரும்பகுதி பல்லைப் பற்றியதே அன்று! ஒவ்வொரு பல்லின் முகப்பிலும் ஒரு சிறு துண்டு ஒட்டப்பட்டிருக்கிறது; பிராக்கெட் என்பார்கள். அதன் நடுவே ஓடும் கம்பியைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்னஞ்சிறு ரப்பர் வளையம். நிறமற்ற கண்ணாடி வளையத்தை விரும்பிப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள், ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணியும் தால்ச்சாவும் உண்டு எழுந்தால் போதும், அவ்வளையங்கள் மஞ்சளாகிவிடும். நம் சமையலறையின் மஞ்சள்தூளுக்கு அத்தகைய ஆற்றல்! துவைத்தாலும் துணியை விட்டுப் போகாத மஞ்சள், ரப்பரை விட்டு மட்டும் போய்விடுமா? வளையம் மஞ்சளானால் பக்கத்திலிருக்கும் பல்லும் மஞ்சளாகத் தோன்றுகிறது. அதை எண்ணி வெளுப்பு மருந்து வாங்குவது, மூக்குக் கண்ணாடி அழுக்காயிருக்கக் கண்ணுக்கு மருந்திடுவதை ஒக்கும்.

இதற்குப் பரிகாரம் எளிது. மாதந்தோறும் கம்பியை முடுக்கச் செல்லும்போது இவ்வளையங்கள் எப்படியும் மாற்றப்படுகின்றன. அப்போது நிறமற்றதற்குப் பதிலாகச் சாம்பல் நிறமோ கருநீலமோ கேட்டு வாங்கலாம். கருநீல வளையத்தின் அருகில் பல் சற்று வெண்மையாகவே தோன்றும். மெல்லிய எஃகுக் கம்பியால் கட்டச் சொன்னாலும் கறை பிடிக்காது. திருமணப் புகைப்படம் எடுக்கும் நாள் தெரிந்திருந்தால், அதற்கு இரண்டு நாள் முன்பு மருத்துவரிடம் சென்று பற்களைச் சுத்தம் செய்து மெருகேற்றிப் புதிய வளையங்களைப் போட்டுக்கொண்டு, படம் எடுத்து முடியும்வரை மஞ்சள் கலந்த குழம்பைத் தள்ளி வைத்தால் போதும். மூன்று வாரம் துடித்த தாய்க்கு இதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை.

வெளுப்பு மருந்து எப்படி வேலை செய்கிறது?

பற்களை உண்மையாகவே வெளுக்கச் செய்யும் மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும், அதனை மெல்ல வெளிவிடும் கார்பமைடு பெராக்சைடும் ஆகும். 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். இவற்றிலிருந்து வெளிப்படும் ஆக்சிஜன் எனாமலின் ஊடாகச் சென்று நிறமுள்ள மூலக்கூறுகளைச் சிதைக்கிறது.

வியப்பு என்னவென்றால், வீட்டிலிருந்தபடியே பல் வெளுக்கும் இம்முறை பிறந்ததே ஒரு பல் சீரமைப்பு மருத்துவரின் அறையில்தான். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பில் கிளஸ்மயர், தம்மிடம் சிகிச்சை பெற்றோரின் ஈறு வீக்கம் தணிவதற்காக, பல்லில் அணியும் உறையினுள் கார்பமைடு பெராக்சைடு கலந்த கிருமிநாசினியை இட்டு இரவில் அணியச் சொன்னார். ஈறு ஆறியதோடு பற்களும் வெளுத்திருக்கக் கண்டார். 1989இல் ஹேவுட், ஹேமன் என்னும் இரு மருத்துவர்கள் இம்முறையை மருத்துவ இதழில் எழுதிய பின்னரே உலகெங்கும் பரவிற்று. ஆனால் அந்த உறை பற்களின் மேல் வழுவழுப்பாகப் பொருந்த வேண்டும். பல்லின் முகப்பில் பிராக்கெட்டும் கம்பியும் துருத்திக் கொண்டிருக்கையில் எவ்வுறை பொருந்தும்? பொருந்தாத உறையிலிருந்து மருந்து வழிந்து ஈறுகளைச் சுடும். கம்பி கட்டியோர் பலருக்கு ஈறு ஏற்கெனவே சற்று வீங்கிச் சிவந்திருக்கும். அங்கே பெராக்சைடு படுவது எத்தகைய எரிச்சல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பல் நகரும் வலியோடு, வெளுப்பு மருந்தால் உண்டாகும் கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

மற்றொரு சங்கடம் இன்னும் பெரிது. பிராக்கெட் ஒட்டியுள்ள இடத்தை மருந்தோ வெளுப்புப் பசையோ நேராகத் தொடுவதில்லை. கம்பியைக் கழற்றும் நாளில், சுற்றிலும் வெளுத்து நடுவில் சதுரமாக மஞ்சள் நின்றால் எப்படியிருக்கும்? சுவரில் மாட்டிய படத்தை எடுத்த இடத்தைப்போல் இருக்கும். மருந்து பக்கவாட்டில் பரவி பிராக்கெட்டின் அடிப்பகுதியையும் வெளுக்கச் செய்வதாகக் காட்டிய ஆய்வுகளும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் ஒவ்வொருவர் பல்லிலும் அது சீராக நிகழும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. உறுதியில்லாத ஒன்றுக்காகப் பிள்ளையின் முன்பற்களைப் பணயம் வைக்கலாகாது என்றே பெரும்பாலான மருத்துவர்கள் கருதுகின்றனர், அது நியாயமே.

"அப்படியானால் கம்பி கட்டுமுன் வெளுத்துவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் இடைவெளி வேண்டும். 1955இல் மைக்கேல் புவனகோர் என்னும் அமெரிக்கர், எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் உறுதியாகப் பற்றும் என்று கண்டார். இன்று பிராக்கெட் ஒட்டுவது அந்த அடிப்படையில்தான். வெளுத்த பல்லில் எஞ்சி நிற்கும் ஆக்சிஜன் அந்தப் பிசின் இறுகுவதைத் தடுக்கும். எனவே வெளுத்த பின் இரண்டு வாரமேனும் கழித்தே பிராக்கெட் ஒட்ட வேண்டும். இல்லையேல் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழும். நகரத்தில் இருப்போர் அடுத்த தெருவுக்குச் சென்று ஒட்டிக்கொள்ளலாம். டாப் செங்காட்டுப்பட்டியிலிருந்து மலையிறங்கித் திருச்சி வரவேண்டிய பிள்ளைக்கு, கழன்ற ஒரு துண்டுக்காக ஒரு முழு நாள் பள்ளிப் படிப்பு வீணாகும்.

கம்பியை உடையாத கண்ணாடி உறைகளாக அணிந்து கழற்றும் 'அலைனர்' முறையில் மட்டும் நிலைமை வேறு. மருத்துவர் அனுமதித்தால் அந்த உறையையே வெளுப்பு மருந்துக்கும் பயன்படுத்துவதுண்டு. அதுவும் தாமாகச் செய்துகொள்ளும் காரியமன்று.

வயதையும் கருத வேண்டும். வளரும் பிள்ளைகளின் பல்லினுள் நரம்பும் குருதியும் நிறைந்த கூழ்ப்பகுதி பெரிதாயிருப்பதால் கூச்சம் கடுமையாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பிறப்பித்த ஆணைப்படி, 0.1 சதவீதத்திற்கு மேற்பட்டு 6 சதவீதம் வரையான ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்ட வெளுப்புப் பொருள்களைப் பல் மருத்துவரின் வழியாகவே தரவேண்டும். 18 வயது நிரம்பாதோருக்குத் தரலாகாது. நம் நாட்டில் அழகு நிலையங்களும் வெளுப்புச் சிகிச்சை செய்வதாக விளம்பரப் பலகை வைப்பதைக் காண்கிறோம். புருவம் திருத்தும் நாற்காலியில் அமர்ந்து பல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வது எந்த வகை அறிவுடைமை என்று விளங்கவில்லை.

கரியும் எலுமிச்சையும்

வீட்டு வைத்தியம் என்ற பெயரில் நடப்பவை அதைவிடக் கொடுமை. எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பைக் குழைத்துத் தேய்ப்போர் இருக்கிறார்கள். வாயினுள் அமிலத்தன்மை மிகுந்து 'பி.எச்.' அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. எலுமிச்சையின் அளவோ அதைவிட மிகமிகக் கீழே. தேய்த்தவுடன் பளிச்சென்று தெரிவது கரைந்துபோன எனாமலின் விளைவே. போன எனாமல் திரும்ப முளைப்பதில்லை. அது மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் முன்னைவிட நன்றாகத் தெரியும்! புண் கழுவ மருந்துக் கடையில் விற்கும் பெராக்சைடு நீரை வாயில் ஊற்றிக் கொப்பளிப்போரும் உண்டு. அது வாயின் மெல்லிய சவ்வைப் புண்ணாக்கிவிடும்.

கரித்தூள் இப்போது அழகிய டப்பாவில் அடைபட்டு மீண்டு வந்திருக்கிறது. நம் பாட்டிமார் உமிக்கரியால் துலக்கியதைக் காட்டி அதற்கு நியாயம் கற்பிக்கின்றனர். பாட்டிமாரின் பல்லில் கம்பி இல்லை. கரி கொப்பளித்தால் போய்விட்டது. கம்பி கட்டிய வாயிலோ அத்துகள்கள் பிராக்கெட்டின் ஓரங்களிலும் ரப்பருக்கடியிலும் சென்று தங்கிக் கருங்கோடு போட்டுவிடும். 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஒரு மறுஆய்வு, கரிப் பற்பசைகள் பாதுகாப்பானவை என்பதற்கோ பயன் தருபவை என்பதற்கோ போதிய சான்று இல்லை என்றது. செங்கல்பொடி, மணல் கலந்த சிவப்புப் பற்பொடிகள் எனாமலை அரம் போல் அராவும். சில பொடிகளில் புகையிலை கலந்து விற்றதை மத்திய அரசு 1992இலேயே தடை செய்தது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பால் கெடுதியில்லை. பல் வெளுக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

மிஸ்வாக் செய்வோர் கவனிக்க

பெருமானார் (ஸல்) அவர்கள் மிஸ்வாக்கை எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது நாமறிந்ததே. உகாய் மரத்தின் வேரும் கிளையுமான அக்குச்சியில் சிலிக்கா, ஃபுளோரைடு, டானின், கிருமியை அடக்கும் ஒருவகைக் கந்தகச் சேர்மம் முதலியன இருப்பதை ஆய்வுகள் கண்டுள்ளன. அது வழக்கிலுள்ள நாடுகளில் அதனைப் பயன்படுத்துமாறு உலக சுகாதார நிறுவனமும் 1986இல் ஊக்குவித்தது. கம்பி கட்டியதால் மிஸ்வாக்கை விட்டுவிட வேண்டியதில்லை. கடித்து மென்று நாராக்கும் பழக்கத்தைத்தான் விட வேண்டும்; முன்பல்லால் குச்சியைக் கடிக்கும்போதே பிராக்கெட் பெயர்ந்துவிடும். நுனித் தோலைக் கத்தியால் சீவி, நீரில் ஊறவைத்து, சிறு கல்லால் தட்டி நாராக்கிக்கொள்ளலாம். அந்த மெல்லிய நாரால் ஈறோரத்தில், கம்பிக்கு மேலும் கீழும் மெதுவாகத் துடைக்க வேண்டும். வேப்பங்குச்சிக்கும் இதே விதிதான். ஆயினும் பிராக்கெட்டின் இடுக்கை நார் எட்டாது, பற்தூரிகை அவசியம்.

ரமலான் மாதத்தில் இன்னொரு கவனம் தேவை. சஹரில் பேரீச்சம்பழமும் இனிப்பும் உண்டு, அப்படியே படுத்துவிட்டால், கம்பியின் இடுக்கில் ஒட்டிய இனிப்பு பகல் முழுவதும் அங்கேயே இருக்கும். நோன்பு வேளையில் உமிழ்நீர் குறைவு. அமிலத்தைக் கழுவிச்செல்ல ஆளில்லை. எனவே சஹர் முடிந்ததும், நேரம் முடியுமுன், பற்பசையிட்டு நன்கு துலக்கிவிட வேண்டும். ஒளுவில் ஐவேளையும் வாய் கொப்பளிப்பது கம்பியணிந்தோருக்குக் கிடைத்த பெரும் உதவி. பெருநாளன்று நல்லி எலும்பைக் கடித்து உறிஞ்சும் ஆசையை மட்டும் கம்பி கழலும்வரை ஒத்தி வைக்குமாறு வேண்டுகிறேன். மலையடிவாரத்துப் பிள்ளைகள் மொறுமொறுப்பான மரவள்ளி வறுவலையும் அவ்வாறே.

உண்மையான ஆபத்து வெள்ளைத் திட்டு

மஞ்சளுக்கு அஞ்சும் நாம் அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. கம்பி கழற்றிய பின், பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசினாற்போல் ஒளியற்ற வெள்ளை வளையம் தெரிவதைச் சிலரிடம் பார்த்திருப்பீர்கள். அது வெண்மையன்று, சொத்தையின் முதற்படி. இடுக்கில் தங்கிய உணவைக் கிருமிகள் அமிலமாக்க, அந்த அமிலம் எனாமலின் சுண்ணச்சத்தைக் கரைத்ததால் வந்த வடு. துலக்கலில் அலட்சியம் காட்டினால் நான்கே வாரத்தில் இது கண்ணுக்குத் தெரியும் அளவு தோன்றக்கூடும். வெளுப்புக்குச் செலவிடும் அக்கறையை இங்கே செலவிட்டால், கம்பி கழலும் நாளில் பல் தன் இயல்பான நிறத்தில் ஒரே சீராக இருக்கும்.

துலக்கும் முறை இதுதான்: தூரிகையைச் சாய்த்துப் பிடித்து பிராக்கெட்டின் மேல்புறத்தை ஒருமுறை, கீழ்ப்புறத்தை ஒருமுறை, பிறகு முகப்பை ஒருமுறை. கம்பிக்கடியில் நுழையும் கூம்பு வடிவச் சிறு தூரிகை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதனால் ஒவ்வொரு இடுக்கையும் துழாவ வேண்டும். 1000 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ள பற்பசை போதும். மருத்துவர் கூறினால் 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு கொப்பளிப்பு நீரையும் இரவில் சேர்த்துக்கொள்ளலாம். 'வெளுப்பு' என்று அச்சிட்ட சொரசொரப்புப் பசைகளைக் கம்பி கழலும்வரை வாங்காதீர்கள். தேநீர் குடித்தால் உடனே நீரால் கொப்பளியுங்கள்.

படிந்து இறுகிய காரையை எந்தத் தூரிகையும் எடுக்காது. மருத்துவர் கருவியால்தான் எடுக்க வேண்டும். "பல்லைச் சுரண்டினால் பல் ஆடிவிடும்" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, பல்லில் படியும் காரை பல்லைக் கறுப்பாகவும் மஞ்சளாகவும் மாற்றி ஈறையும் கெடுக்கும் என்றெழுதி, அதனைச் சுரண்டி எடுக்கும் கருவிகளின் படங்களையும் தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் வரைந்து வைத்தார். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் கட்டும் முறையையும் அவரே விளக்கியிருக்கிறார். காரையை எடுத்தபின் பல் ஆடுவதுபோல் தோன்றினால், அதுவரை அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது நோயே என்று பொருள்.

எங்கே செல்வது?

நம் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? கிழக்கு வங்காளத்தில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1964இல் பத்மபூஷண் விருது பெற்றவர். அவர் பிறந்த டிசம்பர் 24ஆம் நாளே தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இயங்குகிறது. திருச்சி வட்டாரத்தாருக்கு அண்மையில் கிட்டிய நன்மை, 2023இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. எங்கு சென்றாலும், கம்பி கட்டுபவர் பல் சீரமைப்பில் மேற்படிப்பு முடித்தவர்தானா என்று கேட்டறிய உங்களுக்கு உரிமையுண்டு.

தொலைவில் வாழ்வோர் ஒன்றைக் கையோடு வைத்திருப்பது நலம்: பல் கம்பிக்கென்றே விற்கும் மெழுகு. துண்டு கழன்றோ கம்பி குத்தியோ கன்னம் புண்பட்டால், ஒரு பயறளவு மெழுகை உருட்டி அவ்விடத்தில் அப்பிவிட்டு, கழன்ற துண்டைப் பத்திரப்படுத்தி, மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். வீட்டுக் குறடால் இழுக்கலாகாது.

கம்பி கழற்றியவுடனேயும் வெளுப்புக்கு அவசரப்பட வேண்டாம். பல்லில் எஞ்சிய பிசின் முழுவதையும் மருத்துவர் எடுத்து மெருகேற்ற வேண்டும். பிசின் ஒட்டியிருக்கும் இடத்தில் மருந்து ஏறாது. வெள்ளைத் திட்டு இருந்தால், உமிழ்நீரும் ஃபுளோரைடும் சேர்ந்து அதனை ஓரளவு ஆற்றச் சில மாதம் தர வேண்டும். ஆறாதவற்றுக்கு மெல்லிய பிசினை உட்செலுத்தி நிறத்தைச் சமன்படுத்தும் சிகிச்சை இன்று உண்டு. அதன் பிறகும் 18 வயது நிரம்பியவர் வெளுக்க விரும்பினால், பல் அச்செடுத்துச் செய்த உறையில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடை மருத்துவர் சொல்லும் நாள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும். முன்பற்களில் ஏற்கெனவே அடைப்போ செயற்கை உறையோ இருந்தால் அவை வெளுக்கமாட்டா. பல் மட்டும் வெளுத்து அவை தனித்துத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருங்கள்.

பல் மருத்துவர்களிடம் நிறங்களை வரிசைப்படுத்திய 'ஷேடு கைடு' என்னும் மாதிரிப் பற்களின் அட்டை ஒன்றிருக்கும். பெரிதும் வழக்கிலிருப்பதில் 16 நிறங்கள் உண்டு. கம்பி கட்டும் நாளிலேயே பிள்ளையின் பல் அதில் எந்த எண்ணுக்கு ஒப்பாகிறது என்று பார்த்துச் சீட்டில் குறித்துத் தரும்படி கேளுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கம்பியைக் கழற்றும்போது அதே அட்டையை வைத்து ஒப்பிட்டால், பல் உண்மையிலேயே மஞ்சளாயிற்றா, இல்லை நமக்குத்தான் அப்படித் தோன்றிற்றா என்பது விளங்கிவிடும்.